வடம் அறுந்த காரணம்

காலையில் ஆய்வகத்துக்கு வந்ததும் ஜெபக்கனியின் முதல் வேலை, முந்தின நாள் கடலிலிருந்து எடுத்து வந்த அறுந்த முனைகளைத் தட்டில் பரப்பி, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது. இழுபட்டு அறுந்த முனை தேங்காய் நார் போலச் சிலும்பி நிற்கும். விண்துகள் வெட்டிய முனை கத்தரித்தது போல இருக்கும். மின்சாரம் தின்ற முனை கருகிக் கறுத்து, செம்பு உருகிக் கடுகு கடுகாகத் திரண்டிருக்கும். பெரும்பாலான நாட்களில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். சொல்ல முடியாதவை தனிப் பெட்டிக்குப் போகும்.

குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்துக் கட்டிய கட்டடம் அது. மின்வட ஆய்வகம் என்று பலகையில் இருக்கும். ஊர்க்காரர்கள் கயிறு ஆஸ்பத்திரி என்பார்கள். செத்த கயிறுகள்தானே வருகின்றன, பிணவறை என்று சொல்வதுதான் சரி என்று இயக்குநர் வேலுநாயகம் விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

மீன்பிடித் தடைக்காலம் போல வானத்துக்கும் தடைக்காலம் வந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. ராக்கெட் புகையால் மேல்காற்று கெட்டுப்போய், செத்த செயற்கைக்கோள்களின் குப்பையும் சேர்ந்துகொண்ட பிறகு, ஆண்டுக்கு இரண்டு ஏவுபருவங்கள் மட்டும் என்று எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. இடைப்பட்ட மாதங்களில் கீழேயிருந்து எதுவும் மேலே போகாது. இறங்குகூடுகள் கடலில் வந்து விழத் தடையில்லை, அவ்வளவுதான். மேலே இருப்பவை எரிபொருள் இல்லாமல் நகர்ந்தாக வேண்டும். அதற்குத்தான் மின்வடம். உறை போட்ட செம்புக் கம்பி, பலநூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் காந்தப்புலத்தை அறுத்துக்கொண்டு ஓடும்போது அதில் தானாகவே மின்சாரம் பிறக்கும். அதே கம்பிக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது கப்பலைத் தள்ளும். வடம் இருக்கும்வரை வானத்தில் ஓடலாம். வடம் அறுந்தால் துடுப்பு போன மாதிரி.

அன்று காலை தட்டில் முனை எதுவும் இல்லை. வேலுநாயகம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கொற்கை நிலையத்தின் பெரிய வடம் அறுந்துவிட்டது என்றும், முனைக்கூட்டில் ஆள் இருந்தான் என்றும் சொன்னார்.

கொற்கை நிலையத்திலிருந்து மேல்நோக்கி நூறு கிலோமீட்டர் நீண்டு நின்ற வடம் அது. அதன் மறுமுனையில், வெட்டவெளியின் மின்துகள்களைச் சேகரிக்கும் வலையைப் பராமரிக்க, ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு கூடு உண்டு. மணப்பாட்டுக்காரன் இன்னாசி பூபாலராயர் அப்போது அங்கே முறைவேலையில் இருந்தான். வடம் நிலையத்துப் பக்கம், சுற்றி வைத்த உருளையிலிருந்து வெளியேறும் வாயருகே அறுந்திருந்தது. கவணிலிருந்து விட்ட கல்லைப் போல, இன்னாசியும் அவன் கூடும் முழு வடத்தையும் இழுத்துக்கொண்டு இன்னும் உயரமான பாதைக்குப் போய்விட்டார்கள். அவன் உயிரோடு இருந்தான். காற்றும் நீரும் கூட்டுக்குள்ளேயே சுற்றி வரும். சாப்பாடு சிக்கனமாக வைத்தால் தாக்குப்பிடிக்கும். ஆனால் கூட்டுக்குத் தானாக இறங்கும் திறன் கிடையாது. யாராவது போய் எடுக்க வேண்டும்.

போவதற்கும் ஆள் தயாராக இருந்தான். நிலையத்தில் மீட்புப் படகும், அதில் சுற்றப்பட்ட புத்தம்புது வடமும், ஓட்டுவதற்குக் காயல்பட்டினத்து மீரானும் இருந்தார்கள். இன்னாசியும் மீரானும் ஒரே அணியில் பயிற்சி எடுத்தவர்கள். புறப்பட அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, ஜெபக்கனியின் கையெழுத்து.

பல ஆண்டுகளுக்கு முன் இன்னொரு நிலையத்தில் ஒரு வடம் அறுந்தது. உடனே மீட்கப் போனார்கள். மீட்கப் போன வடமும் அதே மாதிரி அறுந்தது. ஒரே பிற்பகலில் ஐந்து உயிர்கள் போயின. அதன் பிறகு வந்ததுதான் காரண விதி: அறுந்ததன் காரணம் தெரிந்து கையொப்பமாகும்வரை, ஆள் ஏறிய வேறெந்த வடமும் அவிழக்கூடாது. விண்துகளாகப் பறந்து வரும் கல் வெட்டியது என்றால் தற்செயல். அடுத்த வடம் அன்றைக்கே அவிழலாம். மின்கோளாறு என்றால் அந்த வகை வடம் எல்லாவற்றிலும் அதே நோய் இருக்கலாம். எல்லாம் உருளையிலேயே கிடக்க வேண்டும்.

அறுந்த முனையின் நிலையத்துப் பக்கத் துண்டை இறங்குகூட்டில் அனுப்பினார்கள். ஜெபக்கனி அதை வெகுநேரம் பார்த்தாள். கருகியிருந்தது. செம்பு மணிமணியாக உருகியிருந்தது. ஆனால் அதிவேகத்தில் வந்து மோதும் துகளும் செம்பை உருக்கும், உறையைக் கருக்கும். முனையை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண முடியாது.

வேலுநாயகம் கெட்டவர் இல்லை. அவர் கண்முன்னால் ஒரு மனிதன் இருந்தான். கல் என்று எழுதினால் யாரும் தவறென்று நிரூபிக்க முடியாது, ஐயத்தின் பலனை இன்னாசிக்குக் கொடுக்கலாமே என்றார். ஐயத்தின் பலன் மீரானுக்கும் சேர வேண்டும் இல்லையா சார் என்று ஜெபக்கனி கேட்டாள். அவர் சன்னலைப் பார்த்தார்.

தீர்மானிக்க ஒரு வழி இருந்தது. கல் வெட்டியிருந்தால், வடத்தில் ஓடிய மின்னோட்டம் அந்த நொடியே நின்றிருக்கும். மின்பொறி அறுத்திருந்தால் நிற்காது. வடத்தின் உறைக்குள் தயாரிக்கும்போதே கொஞ்சம் காற்று சிக்கியிருக்கும். அறுந்த வாய் வழியே அது கசியும். அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு பொறி வெட்டவெளியிலும் எரிந்துகொண்டே இருக்கும். எரியும்வரை கூட்டில் இருக்கும் மின்னோட்ட மானியில் எண் இறங்காது. ஆக, கூட்டின் பதிவுப்பெட்டியைப் பார்த்தால் போதும். ஆனால் வடம் அறுந்ததும் கூடு தன் மின்கலத்துக்கு மாறி, காற்று, வானொலி, மானிகளோடு கூடிய முகப்புப் பலகையின் விளக்கு தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. அணைத்தவற்றில் பதிவுப்பெட்டியும் ஒன்று. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள்.

மானிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் இன்னாசி. அவனைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

அவன் கூடு நம் கடலுக்கு மேலே வரும்போது மட்டும் பேச முடிந்தது. அவன் குரல் தெளிவாக, ஏறக்குறைய உற்சாகமாக இருந்தது. கீழே மழை உண்டா என்று கேட்டான். சாட்சியின் பதிலால் என்ன நடக்கும் என்று சாட்சியிடம் சொல்லக்கூடாது என்பது விதியிலேயே இருந்தது. எனவே ஜெபக்கனி பொதுவாகவே கேட்டாள்: குலுங்கிய பிறகு மானியில் என்ன பார்த்தீர்கள்? பதிலுக்கு அவன் கேட்டான்.

“எதைச் சொன்னா சீக்கிரம் வருவிய, மேடம்?”

காரண விதியை வானோடிகள் எல்லோரும் மனப்பாடமாகப் படித்துத்தான் மேலே போகிறார்கள். அவள் என்ன கேட்கிறாள், ஏன் கேட்கிறாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றாள். எண் உடனே பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்றான் அவன். அதன் பிறகு கூடு தொலைவுக்குப் போய்விட்டது.

வேலுநாயகம் பெருமூச்சு விட்டார். கையெழுத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஜெபக்கனி பேனாவைத் தொடவில்லை. அந்தப் பதிலுக்கு முன்னால் வந்த கேள்வி அவள் காதிலேயே நின்றது. ஒரு பகல் மட்டும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கொற்கை வடத்தை வெட்டியெடுத்த அதே ஆலை உருளையின் மிச்சத்தைத் தயாரிப்பு ஆலை மாதிரிக்காகத் தந்திருந்தது. அதில் ஒரு முழம் வெட்டி, உறையில் மயிரிழை ஊசியால் துளையிட்டு, வெற்றிடக் கலத்தில் உலோகச் சட்டத்துக்கு அருகே நிறுத்தினாள். நிலையத்து உருளையின் வாயருகே வடம் இருந்ததும் அப்படித்தான். மின்னழுத்தத்தை ஏற்றினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு துளையிலிருந்து காற்று கசியக் கசிய, நீலமாய் ஒரு புள்ளி தோன்றியது. புள்ளி சட்டத்தை எட்டிப் பிடித்தது. கலத்தின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கையிலேயே உள்ளிருந்த, வடத்துக்குப் பலம் தரும் நார் கருகி, வடம் இரண்டாக விழுந்தது. அறுந்த பிறகும் மானியில் எண் இறங்கவில்லை.

அவள் அந்தத் துண்டையும் மேலேயிருந்து வந்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலுநாயகத்துக்குக் காட்டினாள். இரண்டும் உடன்பிறந்தவை போல இருந்தன. இப்படி நடக்கக்கூடும் என்றுதான் இது காட்டுகிறது, இப்படித்தான் நடந்தது என்று காட்டவில்லை என்றார் அவர். அதுவும் சரிதான். இருந்த ஒரே சாட்சி எதிராகச் சொல்லியிருந்தான்.

மறுபடி கூடு கடலுக்கு மேலே வந்தபோது, ஜெபக்கனி வேலுநாயகத்தை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாள். விதியை மீறப்போவது தெரிந்தும் அவர் போனார்.

“இன்னாசி, நான் இதைச் சொல்லக்கூடாது. சொல்லுறேன். ஒங்களை எடுக்க வர்றது மீரான். அவன் படகுல இருக்கிறது ஒங்க வடம் வந்த அதே ஆலை உருளை. இங்க அதுல ஒரு துண்டை வச்சுப் பார்த்தேன். என் கண்ணு முன்னாடி அறுந்துது. அறுந்தப்புறமும் எண் இறங்கல. ஒங்க மானியில இறங்குனுச்சுன்னு நீங்க சொன்னா நான் கையெழுத்துப் போட்டுர்றேன். இன்னைக்கே அவன் கிளம்பிடுவான்.”

வானொலியில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கூடு தொடுவானத்துக்குக் கீழே இறங்கி, பூமியின் மறுபக்கம் போயிற்று. ஜெபக்கனி நாற்காலியை விட்டு எழவில்லை. தான் செய்தது விசாரணையா, ஒரு தனி மனிதனின் கழுத்தில் கத்தியை வைத்ததா என்று அவளுக்கே விளங்கவில்லை. அவன் பொய்யைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

கூடு சுற்றி வந்தது. இந்த முறை அவனே முதலில் பேசினான்.

“இறங்கல மேடம். நான் முகப்பு விளக்க அணைக்கிற வரைக்கும் அந்த எண்ணு அங்கேயே நின்னுச்சு. எழுதிக்கிடுங்க.” சற்றுப் பொறுத்து, “மீரான்கிட்ட நான் முதல்ல என்ன சொன்னேன்னு சொல்லிராதிய” என்றான்.

அன்று அவள் மின்கோளாறு என்று கையொப்பமிட்டாள். உலகத்தில் அந்த வகை வடம் கட்டிய எல்லா ஆள்படகுகளும் உருளையைப் பூட்டின. அடுத்த ஏவுபருவம் வெகு தூரத்தில் இருந்தது.

இன்னாசியின் மனைவி செல்ஷியா ஆய்வகத்துக்கு வந்தாள். அழவில்லை. வரவேற்பறையில் நின்றபடியே, கல் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் தன் புருஷன் இந்நேரம் நிலையத்தில் இருந்திருப்பான் என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டாள். இருந்திருக்கலாம், இரண்டு பேருமே இல்லாமலும் போயிருக்கலாம் என்றாள் ஜெபக்கனி. செல்ஷியா தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

அதை மீரானும் நம்பவில்லை. தன்னைக் கேட்காமல் தன் உயிருக்கு யார் பாதுகாவலர் ஆனது என்று மேலேயிருந்து சத்தம் போட்டான். ஆளில்லாமல் அவன் வடத்தை அவிழ்த்துப் பார்க்கச் சொல்லி ஜெபக்கனி எழுதினாள். படகைத் தானோட்டத்தில் விட்டு அவிழ்த்தார்கள். ஒளிபரப்பை ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பாதி நீளம்கூட வெளியே வரவில்லை, உருளையின் வாயருகே ஒரு நீலப் புள்ளி தெரிந்தது, வடம் துவண்டது. மீரான் அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை.

ஆனால் அதனால் இன்னாசி கீழே வந்துவிடவில்லை. அவனுடைய புதுப் பாதை ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டையின் அடிவிளிம்பை உரசிக்கொண்டு போனது. சாப்பாட்டை விட அதுதான் மருத்துவர்களுக்குக் கவலை. வடம் வேண்டும், அந்த வடத்துக்கு இந்த நோய் இருக்கக்கூடாது. ஜெபக்கனி வெற்றிடக் கலத்தருகே உட்கார்ந்து, அறுந்த துண்டுகளையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். பொறிக்குச் சோறு போட்டது உள்ளே சிக்கிய காற்று. காற்று இல்லாவிட்டால்?

அலமாரியில் அதே வகையில் பழைய துண்டுகள் கிடந்தன. பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்று, வயதாகி, கழித்துக் கட்டி இறக்கப்பட்டவை. இறங்கிய பிறகு மறுபடி காற்றுப் புகாதபடி வெற்றிடக் குழாய்களிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து, துளையிட்டு, அதே மின்னழுத்தத்தை ஏற்றினாள். நீலப் புள்ளி தோன்றவே இல்லை. துளையைப் பெரிதாக்கினாள். ஒரு மினுக்கல் வந்து தானாகவே அடங்கியது. உறைக்குள் இருந்த காற்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் கசிந்து போயிருந்தது. புது வடம்தான் ஆபத்து. இற்றுப்போனது என்று எல்லோரும் ஒதுக்குகிற வடம் எரியாது.

மேலே அப்படி ஒன்று இருந்தது. ஒரு சரக்குப் படகு, வலை நைந்து, தள்ளுவிசை குறைந்து, அடுத்த பருவத்தில் எரிந்து விழட்டும் என்று விடப்பட்டது. மீரான் அதில் ஏறிக்கொண்டான். நல்ல படகாக இருந்தால் சில நாட்களில் ஏறியிருக்கும் உயரத்துக்கு அது மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்து ஊர்ந்து போனது. வாரங்கள் ஆயின. ஜெபக்கனி ஒவ்வொரு நாளும் இன்னாசியோடு பேசினாள். பிற்பாடு அவனுக்குப் பேச விருப்பமில்லாமல் போனது. அவள் கடற்கரையில் அன்று என்ன மீன் ஏலம் போனது என்று சொல்வாள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

மீரான் அவனை எடுத்துக்கொண்டு வந்தான். நிலையத்திலிருந்து இறங்குகூட்டில் கடலுக்கு வந்து சேர்ந்தபோது இன்னாசியின் தலையில் முடி இல்லை. இரத்தம் சீராக ஆண்டுகள் ஆகும் என்றார்கள். இரண்டு கண்களும் பால் படர்ந்ததுபோல மங்கியிருந்தன. ஒரு கண்ணுக்கு வில்லை மாற்றலாம், இன்னொன்றைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்று கண் மருத்துவர் சொன்னார். இனி வானத்துக்குப் போக முடியாது என்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

காரண விதியைத் திருத்தக் குழு போட்டார்கள். ஜெபக்கனி விதியை மீறியதற்காக ஒரு கண்டனமும், குழுவில் ஓர் இடமும் அவளுக்குக் கிடைத்தன. குழு அவள் கருத்தைக் கேட்டிருந்த கேள்வி ஒன்று: ஆபத்தில் தவிப்பவரிடம், அவர் மீட்பைப் பாதிக்கக்கூடிய கேள்வியைக் கேட்கலாமா, கூடாதா? எழுதுவதற்கு முன் அவள் மணப்பாட்டுக்குப் போனாள்.

மாலை வெயில் சுவரில் இருந்தது. இன்னாசி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தான். செல்ஷியா நாற்காலியைக் காட்டினாள். உட்காருங்கள் என்று வாயால் சொல்லவில்லை. ஜெபக்கனி தான் வந்த காரியத்தைச் சொன்னாள். இன்னாசி நேராக வேறொன்றைக் கேட்டான்.

“மீரான் பேரச் சொல்லாம, சும்மா மறுபடி கேட்டிருந்தா, நான் மாத்திச் சொல்லியிருப்பேன்னு நினைக்கிதியளா?”

“தெரியல இன்னாசி.”

“எனக்குத் தெரியும். மாத்தியிருக்க மாட்டேன். வேற யாராவது வர்றதா இருந்தாலும் மாத்தியிருக்க மாட்டேன்.” அவன் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை, ஒரு அளவைப் படித்துச் சொல்வது போலச் சொன்னான். “கண்ணு போனதுகூடப் பெருசா இல்ல மேடம். என்னப்பத்தி இத நான் தெரிஞ்சுக்கிட்டிருக்க வேண்டாம்.”

செல்ஷியா அப்போதுதான் முதல் முறையாக அவனை முழுசாகப் பார்த்தாள். அவன் முதலில் பொய் சொன்னது அவளுக்கு இதுவரை தெரியாது என்று ஜெபக்கனிக்கு அந்தப் பார்வையில் புரிந்தது. செல்ஷியா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“கேக்கக்கூடாதுன்னு எழுதுங்க” என்றாள் செல்ஷியா. “சாகக் கெடக்குற மனுசன்கிட்ட இதக் கேக்கலாமா?”

“கேக்காட்டா மீரான் போயிருப்பான்” என்றான் இன்னாசி.

ஜெபக்கனி, தான் வேறு மாதிரி எழுதலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். ஒவ்வொரு கூட்டிலும் பதிவுப்பெட்டிக்கென்று தனியாக ஒரு மின்கலம். மற்ற எல்லாம் அணைந்தாலும் அது அணையாது. மானியின் எண்ணை எழுதிக்கொண்டே இருக்கும். பிறகு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது. உள்ளங்கையை விரித்துக் காட்டி, இவ்வளவுதான் இருக்கும் அந்த மின்கலம் என்றாள். இன்னாசிக்குக் கண் தெரியாது என்பது நினைவு வந்து, அவன் கையைப் பிடித்து விரித்து, அதில் விரலால் அளவு காட்டினாள்.

செல்ஷியா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள். “இத மொதல்லயே வச்சிருக்கலாமே.”

வைத்திருக்கலாம் என்றாள் ஜெபக்கனி. இன்னாசி தன் விரித்த கையை மடக்கவில்லை. அந்தச் சின்ன அளவு அங்கேயே இருப்பது போல, அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.